சொல் விளக்கம்: விண்டோ பீரியட்

"விண்டோ பீரியட்ல இருந்தா டெஸ்ட்ல தெரியாதுங்க." ரத்த வங்கிப் பக்கம் போனவர்கள் இதைக் கேட்டிருக்கலாம். உடலில் கிருமி புகுந்த நாளுக்கும், பரிசோதனையில் அது முதன்முதலாகத் தட்டுப்படும் நாளுக்கும் இடைப்பட்ட காலம்தான் விண்டோ பீரியட். அந்த நாள்களில் ஒருவர் ரத்தம் கொடுத்தால் 'நான்-ரியாக்டிவ்' (கிருமி தட்டுப்படவில்லை) என்றே முடிவு வரும். ஏற்றிக்கொண்டவருக்கோ நோய் தொற்றிவிடலாம்.

இதைத் தமிழில் 'சாளரக் காலம்' என்று எழுதுகிறார்கள். எனக்கு அது ஒட்டவில்லை.

ஆங்கில 'விண்டோ' பழைய நார்ஸ் மொழியிலிருந்து போனது. அங்கே அதற்குக் 'காற்றுக்கண்' என்று பொருள். நம் பழைய சொல் 'காலதர்' அதற்குப் பக்கத்து வீடு: கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. (இன்று நாம் புழங்கும் ஜன்னல், போர்த்துக்கீசியரின் 'ஜனெலா'.) அப்புறம் ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு 'நடுவே விழும் இடைவெளி' என்ற பொருளும் சேர்ந்துகொண்டது. மருத்துவம் எடுத்துக்கொண்டது அதைத்தான். தமிழ்ச் சாளரத்துக்கு அந்தப் பொருள் கிடையாது. சாளரம் என்றால் எட்டிப் பார்க்கலாம். இங்கே பார்த்தாலும் ஒன்றும் தெரியாது என்பதல்லவா சிக்கல்!

இந்த இடைவெளி எப்படிச் சுருங்கியது என்பதற்கு, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி நல்ல உதாரணம். 1970-களில் ரத்தம் ஏற்றிக்கொண்ட பலருக்கு வந்த கல்லீரல் அழற்சிக்கு ஹெபடைடிஸ் ஏ வைரஸும் காரணமில்லை, பி வைரஸும் இல்லை என்று அமெரிக்காவில் ஹார்வி ஆல்டர் குழு காட்டியது. வேறு வழியில்லாமல் 'ஏ-யும் அல்ல, பி-யும் அல்ல' என்பதையே நோய்க்குப் பெயராக வைத்திருந்தார்கள். 1989-இல் மைக்கேல் ஹௌட்டன் குழு அதற்குக் காரணமான வைரஸைக் கண்டுபிடித்தது; அதுதான் ஹெபடைடிஸ் சி வைரஸ். அடுத்த ஆண்டே ரத்தப் பரிசோதனையும் வந்துவிட்டது.

வந்தது எலைசா. 96 குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டு. குழியின் சுவரில் வைரஸின் புரதத் துணுக்கை ஒட்டவைத்திருப்பார்கள். நம் ரத்தத்தில் அதற்கான எதிர்ப்பொருள் இருந்தால் வந்து பிடித்துக்கொள்ளும், கடைசியில் குழியில் நிறம் ஏறும். இல்லையென்றால் தண்ணீர் மாதிரி நிற்கும். ஆக, அது தேடுவது வைரஸை அல்ல, வைரஸைப் பார்த்து உடல் தயாரித்த பொருளை. உடல் அதைத் தயாரிக்க நாளாகும். முதல் எலைசாவில் ஒட்டியிருந்த துணுக்குக்கு எதிர்ப்பொருள் மெதுவாகத்தான் உருவாகும் என்பதால், விண்டோ பீரியட் ஏறக்குறைய 4 மாதம் நீண்டது. 1992-இல் வந்த இரண்டாம் தலைமுறை எலைசாவில் வைரஸின் வேறு பாகங்களையும் சேர்த்தார்கள். சுமார் 10 வாரமானது. மூன்றாவதில் 7, 8 வாரம்.

அதற்கு மேல் எலைசாவால் இடைவெளியை ரொம்பச் சுருக்க முடியாது. உடல் தயாரிக்காத பொருளை எந்தத் தட்டும் காட்டாது. அதனால் வைரஸின் மரபுப் பொருளான ஆர்.என்.ஏ.வையே பெருக்கிப் பிடிக்கும் 'நாட்' பரிசோதனை வந்தது. இதில் ஒன்றிரண்டு வாரத்திலேயே தெரிந்துவிடும். செலவைக் குறைக்கச் சில இடங்களில் பலருடைய மாதிரிகளைக் கலந்து ஒரே தடவையில் பார்ப்பார்கள். கலக்கும்போது வைரஸ் நீர்த்துப்போவதால், தனித்தனியாகப் பார்ப்பதைவிட இதில் கொஞ்சம் தாமதம் உண்டு.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'அடைகாலம்' என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். அது வேறு: தொற்றிய நாள் முதல் அறிகுறி தோன்றும் வரையான காலம். இலங்கையில் அதை 'நோயரும்பு காலம்' என்பார்கள், அழகான சொல். ஹெபடைடிஸ் சி-யில் அது 2 வாரம் முதல் 6 மாதம் வரை போகும். பலருக்கு அறிகுறியே வராது. விண்டோ பீரியட் நோயாளியின் உடம்பைப் பொறுத்தது மட்டுமல்ல, பரிசோதனையையும் பொறுத்தது. ஒரே ஆள், ஒரே நாள். எலைசாவில் தெரியாத தொற்று 'நாட்' பரிசோதனையில் தெரியலாம்.

எழுத்தில் 'புலப்படாக் காலம்' என்பது என் தேர்வு. முகாமில் ரத்தம் கொடுக்க வந்தவரிடம் பேசும்போது அதுவும் வேண்டாம், 'டெஸ்ட்டில் தெரியாத நாள்கள்' என்றால் போதும். இவ்வளவு கருவிகள் இருந்தும் படிவத்தில் ஏன் 'சமீபத்தில் பச்சை குத்தினீர்களா' என்று கேட்கிறார்கள் என்பதும் அவருக்கு அப்போதே புரிந்துவிடும்.