பதற்றத் தணிப்பி: 'மன அமைதி மாத்திரை' என்ற பெயர் ஏன் வேண்டாம்

மனநலக் கட்டுரைகளிலும் வெளிநாட்டுத் தொடர்களின் தமிழ் வசன வரிகளிலும் பதற்றத்தைக் குறைக்கும் மருந்தைக் குறிக்கும் ட்ராங்க்விலைசர் (tranquilizer) என்ற ஒரே ஆங்கிலச் சொல் மூன்று வேடத்தில் வருகிறது. ஓரிடத்தில் 'மயக்க மருந்து', இன்னோரிடத்தில் 'தூக்க மாத்திரை'. கொஞ்சம் கவனமாக எழுதுகிறவர்களிடம் 'மன அமைதி மாத்திரை' அல்லது 'அமைதியூட்டி'. அந்தக் காலத்து அமெரிக்க மருந்து விளம்பரங்களைப் பற்றித் தமிழில் வரும் எழுத்துகளிலும் இந்தக் கடைசிச் சொல்தான் தாராளமாகப் புழங்குகிறது. முதல் இரண்டும் தவறு என்று காட்டுவது எளிது. மூன்றாவது அழகாகவும் மூலச்சொல்லுக்கு நெருக்கமாகவும் இருப்பதால் யாரும் அதைக் கேள்வி கேட்பதில்லை. என் சண்டை அதோடுதான்.

வேரை முதலில் பார்த்துவிடலாம். ட்ராங்க்விலஸ் என்றால் லத்தீனில் அமைதியான, அலையடங்கிய என்று பொருள். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிலடெல்பியாவில் பெஞ்சமின் ரஷ் என்ற மருத்துவர், மனநோயாளிகளின் கைகாலைக் கட்டித் தலையை ஒரு மரப்பெட்டிக்குள் அடக்கும் நாற்காலி ஒன்றை உருவாக்கி, அதற்கு ட்ராங்க்விலைசர் என்று பெயர் வைத்தார். மருந்துக்கு இந்தப் பெயர் வந்தது 1950-களில். நம் சர்ப்பகந்தி வேரிலிருந்து சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனம் 1952-ல் பிரித்தெடுத்த ரெசர்ப்பின் என்ற மருந்தின் விளைவைச் சொல்ல, அந்த நிறுவனத்தைச் சேர்ந்த யோங்க்மன் 1953-ல் இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். அந்த வேர் மனநோய்க்கு உதவுகிறது என்று இந்திய மருத்துவர்களான கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் 1931-லேயே எழுதியிருந்தார்கள். வேர் விவரம் இவ்வளவு போதும்.

'மயக்க மருந்து' எப்படி ஒட்டிக்கொண்டது என்பதும் தெரிந்ததே. காட்டு யானையைப் பிடிக்கச் சுடும் ஊசிக்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான். 2023-ல் தேனிப் பக்கம் அரிக்கொம்பனை வனத்துறை மயக்க ஊசி போட்டுப் பிடித்தபோது தமிழ்ச் செய்திகள் எழுதியது சரியான சொல். அங்கே நடப்பது மயக்கம்தான். ஆனால் காலையில் பதற்றத்துக்கு ஒரு வாலியம் மாத்திரை போட்டுக்கொண்டு அலுவலகம் போகிறவர் மயங்கிக் கிடப்பதில்லை. தமிழில் மயக்க மருந்து என்றால் அறுவைக் கூடத்தில் கொடுப்பது; அதைக் கொடுப்பவர் மயக்க மருந்து நிபுணர். அந்தப் பெயரை இதற்கும் வைத்தால் நோயாளியின் வீட்டார் பயந்துபோவார்கள். தூக்க மாத்திரை என்பதும் பக்க விளைவையோ துணைப் பயனையோ பிடித்துக்கொண்டு முதற்பயனை விட்டுவிடுகிறது.

சரி, 'மன அமைதி மாத்திரை'க்கு வருவோம்.

ட்ராங்க்விலைசர் என்ற பெயர் மருந்தின் வேலையைக் கவனித்து வைத்த பெயரைவிட, மருந்தை விற்க வைத்த பெயர் என்பதுதான் நெருக்கமான உண்மை. அன்றைக்கு மருத்துவர்கள் கையில் இருந்தவை ப்ரோமைடும் பார்பிச்சுரேட்டும். இரண்டுக்கும் பொதுப்பெயர் செடட்டிவ், அதாவது உணர்வை மந்தமாக்கும் மருந்து. பழக்கமாகிவிடும், அளவு மீறினால் உயிரைக் குடிக்கும் என்ற கெட்ட பெயர் அவற்றுக்கு ஏற்கெனவே இருந்தது. மெப்ரோபமேட் என்ற மருந்தை உருவாக்கிய ஃப்ராங்க் பெர்கர், அதற்கு என்ன வகைப்பெயர் வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, உலகத்துக்கு இன்னொரு செடட்டிவ் தேவையில்லை, ட்ராங்க்விலைசர் என்று சொன்னால் பத்து மடங்கு விற்கும் என்ற பொருளில் மனநல மருத்துவர் நேதன் க்ளைன் தனக்கு யோசனை சொன்னதாகப் பின்னாளில் நினைவுகூர்ந்தார். அந்த மருந்து 1955-ல் மில்டவுன் என்ற பெயரில் வந்தது. நியூ ஜெர்சியில் உள்ள ஒரு சிற்றூரின் பெயரில் ஓர் எழுத்தைக் குறைத்து ஆக்கிய பெயர் அது. விற்பனை எப்படி என்றால், 'மில்டவுன் தீர்ந்துவிட்டது', 'நாளை வரும்' என்று மருந்துக் கடைகள் பலகை வைக்கும் அளவுக்கு. 1958-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் மாநாட்டுக்கு வந்த மருத்துவர்கள் உள்ளே நடந்து பார்ப்பதற்காக, மில்டவுனை விற்ற நிறுவனம் ஓவியர் சால்வதோர் தாலியைக் கொண்டு கூட்டுப்புழு வடிவில் ஒரு கூடாரமே போட்டது. பதற்றம் புழுவாக நுழைந்து அமைதி வண்ணத்துப்பூச்சியாக வெளிவருகிறது என்பது அதன் கரு. பெயரையே படமாக்கிய விளம்பரம்.

இந்தப் பெயர் மருத்துவரை நோக்கிப் பேசியது என்பதை மறக்கக்கூடாது. அமெரிக்காவில் மருந்துச் சீட்டு வேண்டிய மாத்திரைகளின் விளம்பரங்கள் அப்போது மருத்துவ இதழ்களில்தான் வந்தன. வாங்கிச் சாப்பிடப்போவது நோயாளி, ஆனால் மனம் மாறவேண்டியது மருத்துவர். அந்தப் படங்களைப் பார்த்தால் அமைதி யாருக்கு என்பது தெரியும். தோரசின் என்ற பெயரில் குளோர்ப்ரோமசினை 1954 முதல் அமெரிக்காவில் விற்ற ஸ்மித் க்ளைன் அண்ட் ஃப்ரெஞ்சின் விளம்பரம் ஒன்றில், கைத்தடியை ஓங்கி நிற்கும் முதியவர். வீட்டுக்குள் ஒரு கொடுங்கோலரா என்று தலைப்பு. அவரைக் கட்டுப்படுத்த மருந்து உதவும் என்று வாக்குறுதி. இதில் நிம்மதி கிடைக்கப்போவது முதியவருக்கா, அவரைச் சுற்றி இருப்பவர்களுக்கா? 1967-ல் வைத் நிறுவனத்தின் செராக்ஸ் விளம்பரத்தில், துடைப்பங்களும் தரை துடைக்கும் கட்டைகளும் சிறைக் கம்பிகளாக நிற்க, அவற்றுக்குப் பின்னால் ஒரு பெண். அவளை உங்களால் விடுவிக்க முடியாது, ஆனால் பதற்றத்தைக் குறைக்கலாம் என்று மருத்துவரிடம் சொல்கிறது. வீட்டு வேலையின் கம்பிகளை அந்த விளம்பரமே வரைந்து காட்டிவிட்டு, கம்பிகள் அப்படியே இருக்கட்டும் என்று மாத்திரையை நீட்டுகிறது. 1969-ல் லிப்ரியம், கையில் புத்தகங்களோடு கல்லூரிக்குப் போகும் பெண்ணைக் காட்டியது. 1970-ல் வாலியம், முப்பத்தைந்து வயதில் திருமணமாகாமல் இருக்கும் ஜான் (Jan) என்ற பெண்ணை, உங்களிடம் வரும் பலரில் ஒருத்தி என்று அறிமுகப்படுத்தியது. 1974-ல் ஹால்டால் விளம்பரத்தில் முஷ்டியை இறுக்கி நிற்கும் ஒரு கறுப்பின ஆள். பின்னணியில் எரியும் நகரம். குடிமை உரிமைப் போராட்டங்களின் சூடு ஆறாத காலம் அது. இவற்றில் எதிலும் படத்தில் இருப்பவரின் அமைதி பொருளாக இல்லை. அவரால் தொந்தரவுக்கு ஆளாகிறவர்களின் அமைதிதான் பொருள்.

இப்போது 'மன அமைதி மாத்திரை' என்று எழுதுகிறவர் என்ன செய்கிறார்? விற்பனையாளர் மருத்துவருக்குச் சொன்ன வாக்குறுதியை எடுத்து, அதன் மேல் 'மன' என்று ஒரு சொல்லையும் சேர்த்து, தமிழ் வாசகரிடம் ஒரு மருந்தின் பெயராகக் கொடுக்கிறார். மூலத்தில் 'மன' கிடையாது. நம் காதில் 'மன அமைதி' என்பது கோயிலுக்குப் போய்விட்டு வந்தால் கிடைப்பது, கடன் அடைந்தால் கிடைப்பது, பிள்ளைக்கு நல்ல வேலை கிடைத்தால் கிடைப்பது. அது முழுமையான ஒரு நிலை. அதை மாத்திரைக்கு அடைமொழியாக்கினால், அந்தக் காலத்து விளம்பர எழுத்தாளர்கூட வெளிப்படையாகச் சொல்லாததைத் தமிழ் சொல்லிவிடுகிறது.

'ஊட்டி' என்ற ஈறும் பொருந்தவில்லை. ஊட்டுதல் என்றால் இல்லாததைக் கொடுப்பது. நிறமூட்டி நிறத்தைச் சேர்க்கிறது, சுவையூட்டி சுவையைச் சேர்க்கிறது. வாலியத்தில் இருக்கும் டயசிபாம் எதையும் சேர்ப்பதில்லை. மூளையில் ஏற்கெனவே இருக்கும் காபா என்ற அடக்கும் வேதிப்பொருளின் வேலையைக் கூட்டி, ஏறி நிற்கும் துடிப்பைக் கொஞ்ச நேரத்துக்கு இறக்குகிறது, அவ்வளவுதான். மருந்தின் வேலை தீர்ந்தால் துடிப்பு திரும்பி வரலாம். நீண்ட நாள் எடுத்து, ஒரே நாளில் நிறுத்தினால் முன்பைவிடக் கூடுதலாக வரும், வலிப்புகூட வரலாம். அமைதியை ஊட்டிய ஒன்று இப்படிச் செய்யுமா என்று நோயாளி கேட்டால் அந்தப் பெயரிடம் பதில் இல்லை. பழக்கமாகிவிடும் ஆபத்தை உணர்ந்துதான் அமெரிக்கா 1975-ல் வாலியத்தையும் லிப்ரியத்தையும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது.

'சாந்தப்படுத்தி' என்பதிலும் இதே கோளாறு உண்டு. அதோடு சாந்தம் வடசொல். தமிழில் நல்ல வினை இருக்கும்போது அங்கே போக வேண்டியதில்லை. 'கவலை நீக்கி' என்றும் சொல்லிப் பார்க்கலாம். கவலைக்குக் காரணமான கடனையும் சண்டையையும் எந்த மாத்திரையும் நீக்காது. நீக்கி என்ற ஈறு கறைநீக்கிக்குப் பொருந்தும், இங்கே பொருந்தாது.

நமக்கு வேண்டிய வினை 'தணி'. காய்ச்சல் தணிந்தது என்கிறோம், கோபம் தணிந்தது என்கிறோம், தாகம் தணிந்தது என்கிறோம். ஏறியிருந்தது இறங்கியது என்பது மட்டுமே அதன் பொருள். இனி வராது என்று அந்த வினை எந்த உறுதியும் கொடுப்பதில்லை. முருகன் சினம் தணிந்த இடம் என்றுதான் தணிகைக்குப் பெயர்க்காரணம் சொல்கிறார்கள். மருத்துவத்துக்கும் இது புதிய சொல் கிடையாது. 'நோய்நாடி நோய்முதல் நாடி அதுதணிக்கும் வாய்நாடி வாய்ப்பச் செயல்' என்ற குறளில் வள்ளுவர் போட்ட வினையே இதுதான். இணைப்பி, அழிப்பி என்பதுபோலத் தணிப்பி என்று ஆக்குவதில் இலக்கணச் சிக்கலும் இல்லை.

எதைத் தணிப்பது? பதற்றத்தை. இங்கே ஒன்று: பதட்டம் என்று எழுதுகிறவர்கள் தயவுசெய்து பதற்றம் என்று எழுதுங்கள். பதறு என்ற வினையிலிருந்து வருவது பதற்றம். கைகால் பதறுகிறது, நெஞ்சு பதறுகிறது என்று உடம்பையும் சேர்த்துச் சொல்வதால் இந்தச் சொல் நோயாளி அனுபவிப்பதற்கு மிக அருகில் இருக்கிறது. ஆக, டயசிபாம், மெப்ரோபமேட் போன்றவை பதற்றத் தணிப்பிகள். பேச்சில் 'பதற்றத்துக்கான மாத்திரை' என்றாலே போதும்.

குளோர்ப்ரோமசின், ஹாலோபெரிடால் (ஹால்டால்) ஆகியவை தனி வகை. அவற்றையும் ஆங்கிலத்தில் நெடுங்காலம் ட்ராங்க்விலைசர் என்றே அழைத்து, இவற்றுக்குப் 'பெரிய', பதற்ற மருந்துகளுக்குச் 'சிறிய' என்று அடைமொழி மட்டும் வைத்தார்கள். அப்படியே பெயர்த்தால் 'பேரமைதியூட்டி', 'சிற்றமைதியூட்டி' என்று வரும். பெரியதைக் குறைத்தால் சிறியது ஆகிவிடும் என்று படிப்பவர் நினைப்பார். உண்மையில் இரண்டும் வேலை செய்யும் விதமே வேறு. 'சிறிய' என்ற அடைமொழி, பழக்கப்படுத்தும் மருந்துக்குத் தீங்கில்லாத சாயலைக் கொடுத்து இன்னும் கெடுதல் செய்தது. பிரான்ஸில் மனநல மருத்துவர்கள் தெலேயும் தெனிக்கேரும் 1955-ல் குளோர்ப்ரோமசின் வகைக்கு நியூரோலெப்டிக் என்று தனிப்பெயர் வைத்தார்கள். இன்று மருத்துவர்கள் சொல்வது ஆன்டிசைக்கோட்டிக். இல்லாத குரல் கேட்பது, இல்லாததை நம்புவது போன்ற அறிகுறிகளைக் குறைப்பதால் இவற்றை 'மனப்பிறழ்வு மருந்துகள்' என்று சொல்வது தெளிவு. 'மனச்சிதைவு மருந்து' என்றால் ஒரே ஒரு நோய்க்கு மட்டும் என்று ஆகிவிடும்.

மொழிபெயர்ப்பவர்கள் மேல் எனக்குள்ள பெரிய குறை இதுதான்: அகராதியில் முதலில் வரும் பொருளை எடுத்துக்கொண்டு, அந்தச் சொல்லை யார், யாரிடம், எதற்காகச் சொன்னார்கள் என்று பார்ப்பதில்லை. மருந்துப் பெயர்களில் இது கூடுதல் ஆபத்து, ஏனென்றால் அங்கே பெயரே பாதி விளம்பரம். லிப்ரியம் என்பது சமநிலை என்று பொருள்தரும் ஈக்விலிப்ரியத்தின் வால். வாலியத்தில் நலமாக இரு என்ற லத்தீன் வினையின் சாயல். 1962-ல் அமெரிக்காவில் சட்டம் திருத்தப்பட்டு, மருத்துவர்களுக்கான விளம்பரங்களில் பக்க விளைவுகளையும் சொல்லியாக வேண்டும் என்று ஆன பிறகும், பெயரில் ஒளிந்திருந்த வாக்குறுதியை யாராலும் நீக்க முடியவில்லை. அதை நாம் தமிழில் மறுபடி ஏற்றி வைக்க வேண்டுமா?

பழைய விளம்பரத்தையே மொழிபெயர்க்கும்போது மட்டும் ஒரு விலக்கு வேண்டும். அங்கே விளம்பரம் என்ன ஆசை காட்டியது என்று வாசகருக்குத் தெரிய வேண்டும் அல்லவா? அதனால் விளம்பர வாசகத்துக்குள் 'அமைதியூட்டி' என்று மேற்கோள் குறிக்குள் போடலாம். விளம்பரம் முடிந்து கட்டுரையாளரின் சொந்தக் குரல் தொடங்கும் வரியிலேயே பதற்றத் தணிப்பிக்கு மாறிவிட வேண்டும். மருந்துச் சீட்டு விளக்கம், மருத்துவமனைத் துண்டறிக்கை, செய்தி ஆகியவற்றில் இந்த விலக்கும் வேண்டாம். அவற்றில் பதற்றத் தணிப்பி, மனப்பிறழ்வு மருந்து என்ற இரண்டுமே போதும்.