இரண்டு விமான நிறுவனம் ஒன்றானால் உங்கள் நம்பர் என்ன ஆகும்?

அமெரிக்க விமான நிறுவனங்களில் தொழிற்சங்க ஒப்பந்தத்தின் கீழ் வேலை பார்க்கும் பைலட், கேபின் க்ரூ எல்லாருக்கும் ஒரு எண் உண்டு. பணிமூப்புப் பட்டியலில் அவர் எத்தனையாவது ஆள் என்கிற எண். எந்த ஊரிலிருந்து பறப்பது, எந்த ரக விமானம், கேப்டன் இருக்கையா அதற்குப் பக்கத்து இருக்கையா, கிறிஸ்துமஸ் அன்று வீட்டில் இருக்க முடியுமா, ஆட்குறைப்பு வந்தால் யார் முதலில் வெளியே போவது என்று எல்லாவற்றுக்கும் அதுதான் அளவுகோல். வேறு கம்பெனிக்குத் தாவினால் அந்த எண் கூட வராது. இருபது வருஷம் கேப்டனாக இருந்தவரும் புது இடத்தில் கடைசி ஆள். அதனால் இணைப்புச் செய்தி வந்ததுமே ஊழியர்கள் கேட்பது பங்கு விலையைப் பற்றி இல்லை. இரண்டு பட்டியலை எப்படிக் கோர்க்கப் போகிறார்கள் என்றுதான் கேட்பார்கள்.

நிர்வாகம் இந்த விஷயத்தில் பெரும்பாலும் ஒதுங்கி நிற்கும். ஒருவரை ஒருவர் இடம்பெயர்த்து விமானம் மாறும் நிலை வந்தால் எல்லாருக்கும் புதுப் பயிற்சி தர வேண்டும். அந்தச் செலவு தன் தலையில் விழக்கூடாது என்பதுதான் அதன் கவலை. மோதல் இரு பக்கத்து ஊழியர்களுக்கு நடுவில்தான்.

ஏன் மோதல் என்பதைக் கணக்கு போட்டுப் பார்த்தால்தான் புரியும். ‘அ’ நிறுவனத்தில் 1,000 பைலட்டுகள், ‘ஆ’வில் 500 பேர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டிலும் மேல்பாதி கேப்டன்கள். ‘அ’ பழைய நிறுவனம், ‘ஆ’ இளைய நிறுவனம். ‘ஆ’வின் 100-வது ஆள் சேர்ந்து 12 வருஷம் ஆகிறது, தன் பட்டியலில் மேல் 20 சதவீதத்துக்குள் இருக்கிறார். சேர்ந்த தேதிப்படி கோர்த்தால், ‘அ’வில் அவருக்கு முன் சேர்ந்த 850 பேரும் அவருக்கு மேலே வந்துவிடுவார்கள். அவர் 950-வது ஆள். 1,500 பேரில் முதல் 750 பேருக்குத்தான் கேப்டன் இருக்கை என்பதால், அவருடைய இருக்கைக்கே ஆபத்து. விகிதப்படி, அதாவது ‘அ’விலிருந்து இரண்டு பேர், ‘ஆ’விலிருந்து ஒருவர் என்று கோர்த்தால் அவர் 300-வது ஆள், பழையபடி 20 சதவீதத்திலேயே இருப்பார். ஆனால் இப்போது ‘அ’வில் 700-வது இடத்தில் 15 வருஷம் காத்திருந்தவர், ‘ஆ’வில் 6 வருஷமே ஆன 350-வது ஆளுடன் தோளுரசி நிற்க நேரிடும். இருவருமே அநியாயம் என்பார்கள். இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் பேசித் தீராமல் நடுவரிடம் போகிறது.

சட்டம் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்ததே ஒரு பெரிய காயத்துக்குப் பிறகு. 1972-இல் அலெகெனி, மொஹாக் நிறுவனங்கள் இணைந்தபோது விமானத் துறையை அப்போது கட்டுப்படுத்திய அரசு அமைப்பான சிவில் ஏரோநாட்டிக்ஸ் போர்டு சில பாதுகாப்பு விதிகளை வகுத்தது. அதன் 3-வது பிரிவு, பட்டியல்களை நியாயமாகவும் சமமாகவும் இணைக்க வேண்டும் என்றது. 13-வது பிரிவு, தீராவிட்டால் நடுவர் என்றது. விமானத் துறை மீதான அரசுக் கட்டுப்பாடு நீங்கிய பிறகு அந்த விதிகள் கட்டாயமில்லாமல் போயின. 2001-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் டி.டபிள்யூ.ஏ.வை வாங்கியது. டி.டபிள்யூ.ஏ. கேபின் க்ரூ மொத்தப் பேரையும் பட்டியலின் அடியில் சேர்த்துவிட்டார்கள். இதை அந்தத் தொழிலில் ‘ஸ்டேபிள்’ அடிப்பது என்பார்கள். ஒரு காகிதத்தின் அடியில் இன்னொன்றை வைத்துக் குத்துவது மாதிரி. 2003-க்குள் அவர்கள் அத்தனை பேரும் ஆட்குறைப்பில் வெளியே. மிசௌரி செனட்டர்கள் மெக்காஸ்கிலும் பாண்டும் கொண்டுவந்த திருத்தம் 2007 டிசம்பரில் சட்டமானது. அன்றிலிருந்து 3, 13 ஆகிய இரு பிரிவுகளும் மீண்டும் கட்டாயம். ஒரு விதிவிலக்கு: இரு பக்கத்துக்கும் ஒரே சங்கம் என்றால் அந்தச் சங்கத்தின் உள்விதியே செல்லும்.

13-வது பிரிவின் நடைமுறை எளிது. தேசிய மத்தியஸ்த வாரியம் ஏழு நடுவர்களின் பெயர் தரும். இரு தரப்பும் மாறி மாறி ஒவ்வொரு பெயராக நீக்கிக்கொண்டே வந்தால் கடைசியில் மிஞ்சுபவர் நடுவர். தகராறு எழுந்த 90 நாளுக்குள் தீர்ப்பு, அதுவே இறுதி. பைலட்டுகள் விஷயத்தில் பெரும்பாலும் இப்படி விடுவதில்லை. ஒரு நடைமுறை ஒப்பந்தம் போட்டு மூன்று பேர் கொண்ட குழுவை இரு தரப்பும் சேர்ந்து தேர்ந்தெடுப்பார்கள்.

நடுவர் முன் வாதம் நடப்பது ‘நியாயம்’ என்ற சொல்லைச் சுற்றி என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைப்பார்கள். பாதி நேரம் போவது தரவில்தான். முதலில் ஒரு குறிப்புத் தேதி வேண்டும்: அந்தத் தேதியில் யார் எந்த விமானத்தில், எந்த இருக்கையில் இருந்தார்கள் என்பதே அடிப்படை. தேதியை மூன்று மாதம் நகர்த்தினால் ஒரு பக்கத்துக்கு நூறு கேப்டன் கூடலாம். அடுத்து ஒவ்வொருவரின் சேர்ந்த தேதி, பிறந்த தேதி, ஆட்குறைப்பில் இருந்த காலம், ராணுவ விடுப்பு. பிறந்த தேதி எதற்கென்றால், யார் எப்போது ஓய்வு பெறுவார்கள் என்று கணித்து, இணைப்பு நடக்காமல் இருந்தால் ஒருவர் எத்தனை வருஷத்தில் கேப்டன் ஆகியிருப்பார் என்று காட்டுவார்கள். பிறகு விமான ஆர்டர்கள், இரு நிறுவனங்களின் நிதி நிலை. திவாலின் விளிம்பில் இருந்த நிறுவனத்தின் ஊழியர் ‘என் எதிர்காலம் பிரகாசமாக இருந்தது’ என்று வாதிட்டால் எடுபடாது.

இந்தக் கணிப்புகள் எவ்வளவு உடையக்கூடியவை என்பதற்கு ஓர் உதாரணம் போதும். 2007 டிசம்பர் 13 அன்று அமெரிக்காவில் பைலட்டுகளின் ஓய்வு வயது 60-லிருந்து 65 ஆனது. அதற்கு முந்தின நாள் வரை போட்ட ஓய்வுக் கணக்கெல்லாம் ஒரே கையெழுத்தில் ஐந்து வருஷம் தள்ளிப்போயிற்று.

தீர்ப்பில் பட்டியலோடு சில நிபந்தனைகளும் வரும். ஏற்கெனவே இருக்கையில் இருப்பவரைப் புது எண்ணைக் காட்டி யாரும் எழுப்ப முடியாது என்பது ஒன்று. எண் இனி வரும் காலியிடத்துக்குத்தான். இன்னொன்று ‘வேலி’: குறிப்பிட்ட பெரிய விமானங்கள் இத்தனை வருஷத்துக்கு ஒரு பக்கத்தாருக்கு மட்டும். உங்கள் எண் கீழே போயிருந்தாலும் வேலி உங்களைக் காக்கலாம். எண்ணை மட்டும் பார்த்துவிட்டு வருந்துகிறவர்கள் இந்தப் பக்கங்களைப் புரட்டுவதே இல்லை.

இனி எல்லாரும் படிக்க வேண்டிய வழக்கு. 2005 செப்டம்பரில் யு.எஸ். ஏர்வேஸும் அமெரிக்கா வெஸ்டும் இணைந்தன. ‘கிழக்கு’ என்று அழைக்கப்பட்ட யு.எஸ். ஏர்வேஸ் பக்கத்தில் ஏறத்தாழ 5,100 பைலட்டுகள், அவர்களில் 1,700 பேர் அளவுக்கு ஆட்குறைப்பில் வீட்டில். ‘மேற்கு’ ஆன அமெரிக்கா வெஸ்டில் சுமார் 1,900 பேர். இரு பக்கமும் ஒரே பைலட் சங்கம், ஆல்பா. 2007 மே மாதம் நடுவர் ஜார்ஜ் நிக்கொலாவ் தீர்ப்பளித்தார். பெரிய விமானங்களின் அடிப்படையில் கிழக்கின் 517 பேர் உச்சியில். வீட்டில் இருந்தவர்கள் அடியில். நடுவில் இருப்பவர்கள் விகிதப்படி. பல வருஷ சேவைக்குப் பின் ஆட்குறைப்பில் இருந்தவர், சேர்ந்து சில மாதமே ஆன மேற்குப் பைலட்டுக்குக் கீழே போனார். கிழக்கில் தீப்பிடித்தது.

தீர்ப்பு இறுதியானது, மாற்ற முடியாதது. ஆனால் இணைப்பின்போது போட்ட இடைக்கால ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது: பொதுவான வேலை ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரை புதுப் பட்டியல் அமலாகாது, அந்த ஒப்பந்தத்தை இரு பக்கமும் தனித்தனியே ஏற்க வேண்டும். கிழக்குக்கு வழி கிடைத்துவிட்டது. ஒப்பந்தமே போடாவிட்டால் பட்டியல் தூங்கும். 2008 ஏப்ரலில், பெரும்பான்மை பலத்தில் ஆல்பாவையே வெளியேற்றி, சேர்ந்த தேதியையே கொள்கையாகக் கொண்ட புதுச் சங்கத்தைக் கொண்டுவந்தார்கள். மேற்குப் பைலட்டுகள் நீதிமன்றம் போனார்கள். 2009-இல் ஜூரி அவர்கள் பக்கம். 2010-இல் ஒன்பதாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஒப்பந்தமே முடியாத நிலையில் வழக்குக்கு இன்னும் காலம் வரவில்லை என்றது. அதே நீதிமன்றம் 2015 ஜூனில், சங்கம் தன் நியாயப் பிரதிநிதித்துவக் கடமையை மீறியது என்றது. நடுவில் யு.எஸ். ஏர்வேஸே 2013-இல் அமெரிக்கனோடு இணைந்துவிட்டது. கிழக்குப் பைலட்டுகள் திவால் காலத்துக் குறைந்த சம்பளத்திலேயே இத்தனை வருஷமும் பறந்தார்கள். பட்டியலைத் தடுத்ததற்கு அவர்களே கொடுத்த விலை அது.

அந்த நியாயப் பிரதிநிதித்துவக் கடமை பற்றி ஒரு வார்த்தை. 1944-இல், கறுப்பினத் தொழிலாளர்களை ரயில்வே சங்கம் ஓரங்கட்டிய ஸ்டீல் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை நிறுவியது. பெரும்பான்மை வாக்கில் வந்த சங்கமும் சிறுபான்மையை நேர்மையாகப் பிரதிநிதித்துவப்படுத்தியாக வேண்டும். டி.டபிள்யூ.ஏ. பைலட்டுகள் இதே அடிப்படையில் ஆல்பா மீது தொடுத்த வழக்கில் 2011-இல் ஜூரி அவர்களுக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது, பின்னர் 5.3 கோடி டாலருக்குச் சமரசம். பணம் வந்தது, எண் வரவில்லை.

டெல்டா, நார்த்வெஸ்ட் பைலட்டுகள் 2008-இல் யு.எஸ். ஏர்வேஸ் வரிசையைத் தலைகீழாகச் செய்தார்கள். இணைப்பு அக்டோபர் 29 அன்று நிறைவேறும் முன்பே பொது ஒப்பந்தத்தை முடித்துவிட்டார்கள். டிசம்பரில் நடுவர் குழு பட்டியல் தந்தது. தடுத்து நிறுத்த எந்தக் கதவும் மிச்சமில்லை.

ஒப்பந்தப் பேச்சு பக்கம் வருவோம். அமெரிக்க விமானத் துறைக்கு 1926-இன் ரயில்வே லேபர் ஆக்ட்தான். 1936-இல் விமான நிறுவனங்களுக்கும் நீட்டித்தார்கள். இதன் கீழ் ஒப்பந்தம் காலாவதி ஆகாது. ‘திருத்தத்துக்கு உரியது’ ஆகும், அவ்வளவே. பழைய விதிகள் தொடரும். பேச்சு முறிந்தால் மத்தியஸ்த வாரியம் வரும். வாரியம் ‘இனி பயனில்லை’ என்று சொல்லி, நடுவரிடம் போகலாம் என்ற யோசனையை ஒரு தரப்பு மறுத்து, அதன்பின் 30 நாள் கழிந்தால்தான் வேலைநிறுத்தம். அதற்கும் மேல் ஜனாதிபதி அவசரக் குழு அமைத்தால் இன்னும் 60 நாள். வாரியம் விடுவிக்க எந்தக் கெடுவும் கிடையாது. யுனைடெட்டும் கான்டினென்டலும் 2010 அக்டோபரில் இணைந்தன. கேபின் க்ரூவுக்குப் பொது ஒப்பந்தம் 2016-இல், இரு பக்கத்தாரும் ஒரே விமானத்தில் சேர்ந்து வேலை பார்த்தது 2018-இல். அதுவரை பனிப்புயலில் ஒரு பக்கத்து க்ரூ சிக்கிக்கொண்டால் பக்கத்து கேட்டில் சும்மா இருக்கும் மறு பக்கத்து ரிசர்வ் க்ரூவை ஏற்ற முடியாது. சங்கத்தின் கையில் இருக்கும் உண்மையான துருப்பு இதுதான்.

இந்த இழுபறியைத் தவிர்க்க, இணைப்புக்கு முன்பே ‘பேச்சு தோற்றால் நடுவர் எழுதித் தருவார்’ என்று ஒப்புக்கொள்வது உண்டு. இது குறைதீர்ப்பு நடுவத்தைப் போல, ஏற்கெனவே உள்ள ஒப்பந்தத்துக்கு விளக்கம் சொல்வது இல்லை; ஒப்பந்தத்தையே எழுதுவது. இதில் கவனிக்க வேண்டியது நடுவரின் கையைக் கட்டும் வரி. அமெரிக்கனும் யு.எஸ். ஏர்வேஸும் இணைந்தபின் கேபின் க்ரூவுக்குப் பேசி முடித்த ஒப்பந்தத்தின் கூடுதல் மதிப்பு ஆண்டுக்கு 19.3 கோடி டாலர். 2014 நவம்பரில் வாக்கெடுப்பில் 16 ஓட்டில் தோற்றது. அடுத்தது நடுவர், ஆனால் முன்பே போட்ட உடன்பாட்டின்படி அவர் போட்டி நிறுவனங்களின் சராசரியைத் தாண்ட முடியாது, அதாவது சுமார் 11.2 கோடி. ‘இதை நிராகரித்தால் இன்னும் நல்லது வரும்’ என்று நம்பி வாக்களித்தவர்களுக்கு அந்தக் கதவு ஏற்கெனவே சாத்தியிருந்தது.

ஏர்டிரான் பைலட்டுகள் கதையும் அதே ரகம். 2011-இல், ஏர்டிரானை வாங்கிய சவுத்வெஸ்டோடு பட்டியல் உடன்பாடு ஒன்று வந்தது. சங்கத் தலைமை உறுப்பினர் வாக்குக்கே விடாமல் திருப்பி அனுப்பியது. இரண்டாவதாக வந்தது முதலாவதைவிட மோசம். அதைத்தான் நவம்பரில் ஏற்றார்கள். கேப்டன் இருக்கை பலருக்குப் போயிற்று.

இந்தியாவில் இப்படி ஒரு சட்டப் பாதை இல்லாததன் விலையை ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் 2007-இல் இணைந்தபோது பார்த்தோம். பட்டியலும் சம்பளமும் தீராமல் கிடந்தன; 2011-இல் ஒரு பக்கத்துப் பைலட்டுகள் வேலைநிறுத்தம், இணைப்புச் சிக்கலைத் தீர்க்க நீதிபதி தர்மாதிகாரி குழு, மறு வருஷம் ட்ரீம்லைனர் விமானப் பயிற்சி யாருக்கு என்று மறு பக்கத்தார் 58 நாள் வேலைநிறுத்தம்.

உங்கள் நிறுவனம் இணைகிறது என்றால் கேட்க வேண்டிய தாள் முதலில் இடைக்கால ஒப்பந்தம். பட்டியல் எந்த நாளில் அமல், எதைச் சார்ந்து, யார் தடுக்க முடியும் என்று அதில் பாருங்கள். பொது ஒப்பந்தத்துக்குக் கெடு இருக்கிறதா, கெடு தாண்டினால் நடுவரா, அவருக்கு மேல்வரம்பு உண்டா என்று அடுத்துப் பாருங்கள். அதுவரை விமானங்களும் தளங்களும் எந்த விகிதத்தில் இரு பக்கமும் பிரிக்கப்படும் என்பதும் அதிலேயே இருக்கும். இல்லையென்றால் ஒரு பக்கத்தின் பறப்பு சத்தமில்லாமல் மறு பக்கத்துக்கு நகரும். சங்கம் உங்கள் விவரங்களைச் சரிபார்க்க அனுப்பும்போது சேர்ந்த தேதி, பயிற்சி முடித்த தேதி, விடுப்பு, ஆட்குறைப்புக் காலம் நான்கையும் பழைய நியமனக் கடிதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, தவறு இருந்தால் எழுத்தில், கெடுவுக்குள் சொல்லுங்கள். இரு பக்கக் குழுக்களும் சான்றளித்த தரவு நடுவர் முன் போய்விட்டால், ஒரு நாள் பிழையைத் திருத்துவதற்குக்கூட உங்களுக்கு மேலே கீழே நிற்கும் அத்தனை பேரின் எண்ணையும் அசைக்க வேண்டியிருக்கும்.