உடல்மொழி: சொல்லின் பொருளும் மேடையில் அதன் பயனும்

பேச்சு வழக்கில் ‘பாடி லாங்குவேஜ்’ என்பதற்குத் தமிழில் நிலைத்துவிட்ட சொல் உடல்மொழி. நிற்கும் நிலை, கை, கண், முகம், நடை, எதிரிலிருப்பவருக்கும் நமக்கும் உள்ள இடைவெளி ஆகியவற்றால் வாய்ச்சொல் இல்லாமலே நாம் தெரிவிப்பவை இதில் அடங்கும். குரலின் ஏற்ற இறக்கத்தையும் சிலர் இதில் சேர்க்கிறார்கள். அதைக் குரல்பாங்கு எனத் தனியே வைத்துக்கொள்வதே தெளிவு.

உடல் + மொழி என இருசொல் சேர்ந்த தொகை என்பதால் சேர்த்தே எழுத வேண்டும். ‘உடற்மொழி’ என்று எழுதுவது பிழை. வல்லினம் வரும்போதுதான் லகரம் றகரமாகும்: உடற்பயிற்சி, உடற்கூறு. மகரம் வந்தால் அது னகரமாகத் திரியும். சொல் + மாலை சொன்மாலை ஆவது இவ்விதியால்தான். அதன்படி ‘உடன்மொழி’ என்றே எழுதலாம். ஆனால் படிப்பவர் அதை ‘உடன் சொன்ன மொழி’ என்று பிரித்துக்கொள்வார். பொருள் தெளிவுக்காக இயல்பாகவே விட்ட வழக்கு சரியானதே.

இதை ஆராயும் துறைக்கு 1952-இல் அமெரிக்க மானிடவியலாளர் ரே பேர்ட்விஸ்டல் ‘கினிசிக்ஸ்’ என்று பெயரிட்டார். அசைவு என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. தமிழில் அசைவியல் எனலாம். ‘பாடி லாங்குவேஜ்’ என்ற தொடரை வெகுமக்களிடம் கொண்டுசேர்த்தது 1970-இல் ஜூலியஸ் ஃபாஸ்ட் அதே தலைப்பில் எழுதிய நூல். நம் ‘உடல்மொழி’ அத்தொடரின் நேர் பெயர்ப்பு.

ஆனால் கருத்து நமக்குப் புதிதன்று. தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயலே உண்டு. மெய் என்றால் உடம்பு. உள்ளத்தில் நிகழ்வது புறத்தார்க்குப் புலப்படும்படி வெளிப்படுவதே மெய்ப்பாடு என்பது தொல்காப்பியத்துக்கு உரை எழுதிய பேராசிரியர் என்னும் பழைய உரையாசிரியரின் விளக்கம். நகை, அழுகை, இளிவரல் (இழிவுணர்வு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டைச் சொல்லி, ஒவ்வொன்றும் எந்த நான்கிலிருந்து பிறக்கும் என்றும் அந்நூல் வகுக்கிறது. மேடையில் வேண்டப்படும் பெருமிதத்துக்கு அது தரும் நான்கு: கல்வி, தறுகண் (அஞ்சாமை), இசைமை (புகழ்), கொடை. கல்வி முதலில் நிற்பதைக் கவனியுங்கள். பொருளை நன்கறிந்தவரின் தோள் தானே நிமிரும். அறியாதவர் நிமிர்ந்து நிற்கப் பழகினாலும் முதல் கேள்வியிலேயே அது கலைந்துவிடும்.

அப்படியானால் மெய்ப்பாடு என்றே சொல்லிவிடலாமா? கூடாது என்பதே எங்கள் முடிவு. மெய்ப்பாடு உணர்ச்சியால் தானே தோன்றுவது. உடல்மொழியில் பயிற்சியால் அமைத்துக்கொள்வதும் அடங்கும். சைகை இன்னும் குறுகியது. குறித்த பொருளைக் காட்டும் கையசைவு, தலையசைவு மட்டுமே. சைகைமொழி வேறு, அது சொல்வளமும் இலக்கணமும் உடைய முழு மொழி. ‘இங்கிதம்’ ஒரு காலத்தில் உள்ளக் குறிப்பைக் காட்டும் அசைவைக் குறித்தது. இன்று நயத்தக்க நடத்தை என்று பொருள் மாறிவிட்டதால் இங்கே பயன்படாது.

‘மொழி’ என்ற பகுதி ஒரு தவறான எண்ணத்தையும் விதைக்கிறது. அசைவுகளுக்கு அகராதி கிடையாது. கைகட்டி அமர்ந்திருப்பவர் மறுப்பவராகவும் இருக்கலாம், குளிரில் நடுங்குபவராகவும் இருக்கலாம். கருத்துப் பரிமாற்றத்தில் உடல்மொழிக்கு 55 விழுக்காடு, சொல்லுக்கு 7 விழுக்காடு என்று பயிலரங்குகளில் சொல்லப்படுவதும் பொருந்தாது. உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ரேபியன் 1967-இல் வெளியிட்ட ஆய்வுகளில் தனிச்சொற்கள், குரல், முகப்படம் ஆகியவற்றைக் கொண்டு, பேசுபவரின் விருப்பு வெறுப்பு எப்படி உணரப்படுகிறது என்று பார்த்ததில் கிடைத்த எண்கள் அவை. அவைமுன் நிகழ்த்தும் விளக்கவுரைக்கு (‘பிரசென்டேஷன்’) அவற்றைப் பொருத்துவது தவறு.

விளக்கவுரையில் முதலில் கால்களைச் சரிசெய்யுங்கள். தோளகலத்துக்குப் பாதங்களை வைத்து, எடையை இரண்டிலும் சமமாகப் போட வேண்டும். ஒரு காலில் சாய்ந்தால் சிறிது நேரத்தில் கால் மாற்றத் தோன்றும், அதுவே ஊசலாட்டமாகிவிடும். கைகளுக்கு இடம் இடுப்புக்கும் மார்புக்கும் நடுவே. சிறிய அறையில் முழங்கையிலிருந்து அசைந்தால் போதும். பெரிய அரங்கில் தோளிலிருந்தே கை எழ வேண்டும், இல்லாவிட்டால் கடைசி வரிசைக்குத் தெரியாது. அசைவு சொல்லோடு சேர்ந்தோ நொடிப்பொழுது முந்தியோ வரட்டும். சொல்லுக்குப் பிந்தி வரும் கை, மனப்பாடம் செய்ததைக் காட்டிக்கொடுக்கும்.

பலரும் தவறுவது திசையில். கால வரிசையையோ வளர்ச்சியையோ கையால் காட்டும்போது, எதிரில் இருப்பவரின் இடப்பக்கத்தில் தொடங்க வேண்டும். அது பேசுபவருக்கு வலப்பக்கம். மறந்தால், திரையில் ஏறும் வரைபடம் உங்கள் கையில் இறங்கும்.

பார்வையை விளக்குபோல அரங்கெங்கும் சுழற்றாதீர்கள். ஒருவரைப் பார்த்து ஒரு கருத்தை முடித்துவிட்டு, வேறு பகுதியில் உள்ள இன்னொருவருக்கு நகருங்கள்; மூன்று முதல் ஐந்து நொடி போதும். திரையைப் பார்க்க வேண்டியிருந்தால் பார்த்து, திரும்பி, பிறகு பேசுங்கள். திரையிடம் பேசினால் முகமும் மறையும், குரலும் சுவருக்குப் போகும். நடப்பது ஒரு கருத்திலிருந்து அடுத்ததற்குப் போகும் வேளையில் மட்டும். முக்கியமான வரியை நின்று சொல்லுங்கள்.

பேனாவை அழுத்துவது, மோதிரத்தைச் சுழற்றுவது, கழுத்தைத் தடவுவது ஆகியவை பதற்றத்தில் உடல் தன்னைத் தேற்றிக்கொள்ளும் அசைவுகள். ‘செய்யாதே’ என்று அடக்கினால் வேறிடத்தில் கிளம்பும். கையிலுள்ளதை மேசையில் வைத்துவிட்டு, மெல்ல மூச்சை வெளிவிட்டு ஒரு சிறு இடைவெளி கொடுப்பது பயன்தரும்.

மெய்ப்பாட்டின் நயம் கண்ணாலும் செவியாலும் திண்ணிதின் (உறுதியாக) உணர்வோர்க்கே புலப்படும் என்று மெய்ப்பாட்டியலின் கடைசி நூற்பா கூறுகிறது. ஒத்திகையையும் இவ்வாறே இரண்டாகப் பிரிக்கலாம். ஐந்து நிமிடப் பேச்சைக் காணொளியாக எடுத்து, முதலில் ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். காரணமில்லாமல் திரும்பத் திரும்ப வரும் அசைவு உடனே கண்ணில் படும். பிறகு படத்தை மறைத்துவிட்டுக் கேளுங்கள். அடுத்த ஒத்திகையில் ஓர் அசைவை மட்டும் திருத்துங்கள். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் திருத்த முயன்றால் பேச்சே மறந்துபோகும்.