வயது தெரியாமல் வாக்கியம் முடியாது

"கொரியர்கள் அறிமுகமான உடனேயே வயதைக் கேட்கிறார்களே, அநாகரிகம் இல்லையா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அவர்களுடைய இலக்கணம் கேட்க வைக்கிறது. எதிரில் இருப்பவர் மூத்தவரா இளையவரா என்று தெரியாவிட்டால் வினைச்சொல்லை எப்படி முடிப்பது என்பதே சிக்கல்.

நீ, நீங்கள் வேறுபாடு நமக்குப் பழகியது. பிரெஞ்சில் தூ, வூ. ஜெர்மனில் டூ, ஸீ. 1960இல் ரோஜர் பிரௌன், ஆல்பர்ட் கில்மன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் இதன் பின்னால் இரண்டு விசைகளைக் காட்டினார்கள்: அதிகாரம், நெருக்கம். அதிகாரம் ஓங்கினால் மரியாதை ஒருவழிப் பாதை; பெரியவர் 'நீ' என்பார், சிறியவர் 'நீங்கள்' என்பார். நெருக்கம் ஓங்கினால் இருவருக்கும் ஒரே சொல். ஐரோப்பாவில் பெரும்பாலும் இரண்டாவது வென்றுவிட்டது. ஜெர்மனில் மூப்புக்கு எஞ்சிய உரிமை ஒன்றுதான்: 'டூ என்றே கூப்பிடலாமே' என்ற பேச்சை மூத்தவர்தான் எடுக்க வேண்டும்.

பிரதிப்பெயரோடு நிற்கும் மரியாதையிலிருந்து தப்பிக்க வழி உண்டு. எதிராளியின் தரம் பிடிபடாதபோது நாம் "எப்ப வந்தது?", "கிளம்பியாச்சா?" என்று ஆளையே விட்டுவிட்டுக் கேட்போம். கொரிய மொழியிலும் 'நீ'யை விட்டுவிடலாம். ஆனால் வினைமுற்றை விட முடியாது. மரியாதை அங்கேதான் ஒட்டியிருக்கிறது, அதுவும் இரண்டு தனித்தனி இடங்களில்.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். யாரைப் பற்றிப் பேசுகிறோம், யாரிடம் பேசுகிறோம் என்பவை வேறு வேறு கேள்விகள். கொரிய மொழியில் 'வா' என்பதன் வேர் 'ஓ'. வந்தவர் பெரியவர் என்றால் வேருக்குப் பக்கத்தில் 'ஷி' நுழையும். கேட்பவர் பெரியவர் என்றால் கடைசியில் 'யோ' சேரும். தம்பி வந்ததைத் தங்கையிடம் சொன்னால் 'வாஸ்ஸொ'. அதையே அம்மாவின் தோழியிடம் சொன்னால் 'வாஸ்ஸொயோ'. தாத்தா வந்ததைத் தங்கையிடம் சொன்னால் 'ஓஷொஸ்ஸொ'; அம்மாவின் தோழியிடம் 'ஓஷொஸ்ஸொயோ'. ஒன்றை மாற்றினால் மற்றது அசையாது.

அந்நியமாகத் தோன்றினால் இதைச் சொல்லிப் பாருங்கள்: தம்பி வந்தான், தம்பி வந்தானுங்க, தாத்தா வந்தாரு, தாத்தா வந்தாருங்க. அதே நான்கு கட்டங்கள்! 'ஆன்', 'ஆர்' வந்தவருக்கு, 'ங்க' கேட்பவருக்கு. பாடப்புத்தக இலக்கணம் இந்தப் பேச்சுவழக்கு 'ங்க'வைக் கண்டுகொள்வதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

வந்தவருக்கான மரியாதை, கேட்பவருக்கான மரியாதை என்ற இந்த இரண்டு அச்சுகளும் குழம்பும் இடம் கடைகள். கொரியக் காப்பிக் கடை ஊழியர் சிலர் காப்பிக்கே 'ஷி' போட்டுவிடுகிறார்கள். 'காப்பி வந்துவிட்டார்' என்பது மாதிரி. இலக்கணப்படி தவறு, ஆனால் காரணம் அழகானது. வாடிக்கையாளருக்கான வாக்கிய முடிவு ஏற்கெனவே உச்ச மரியாதையில் இருக்கிறது. அந்த அச்சில் மேலே போக இடமில்லை. இன்னும் பணிவு காட்ட நினைத்தால் அது பக்கத்து அச்சில் வழிந்து காப்பியின் மேல் விழுகிறது. நாம் 'காப்பி வந்துருச்சுங்க' என்போம். அஃறிணை முடிவு அப்படியே இருக்க, பணிவு போக வேண்டியவருக்குப் போய்விடுகிறது.

சரி, மூத்தவர் என்பதை எதை வைத்து முடிவு செய்வது? கொரியாவில் பிறந்தநாளைவிடப் பிறந்த ஆண்டுதான் கணக்கு. ஒரே ஆண்டில் பிறந்தவர்கள் சமம். 2023 ஜூன் 28 முதல் சட்டத்திலும் நிர்வாகத்திலும் வயதை நிறைந்த ஆண்டுகளால் எண்ணும் முறை பொதுவானாலும், அழைப்பு முறைக்கு அது உதவாது. பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் ஒருவர் அண்ணனாகி மறுபடி நண்பனாக வேண்டியிருக்கும்.

ஆண்டுக் கணக்கிலும் ஓட்டை இருந்தது. பள்ளி மார்ச்சில் தொடங்குவதால், 2002 வரை ஜனவரி, பிப்ரவரியில் பிறந்தவர்கள் முந்தைய ஆண்டுக் குழந்தைகளோடு சேர்க்கப்பட்டார்கள். 1990 பிப்ரவரியில் பிறந்தவனுக்கு 1989இல் பிறந்த வகுப்புத் தோழன் சமம். 1990 ஆகஸ்டில் பிறந்தவனும் ஆண்டுக் கணக்கில் சமம். ஆனால் ஆகஸ்டுக்காரன் 1989காரனை அண்ணன் என்றே கூப்பிட வேண்டும். மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் 'சமத்துக்குச் சமம் சமம்' என்ற கணித விதி உடைகிறது.

வியட்நாமில் சிக்கல் இன்னொரு படி மேலே. அங்கே 'நான்' என்பதும் மாறும். சற்றே மூத்த ஆணை அண்ணன் என்று அழைத்தால், தன்னையும் 'இளையவர்' என்று சொல்ல வேண்டும். இன்னும் மூத்தவர் என்றால் அவர் தன் அப்பாவைவிடப் பெரியவரா, சின்னவரா என்று மதிப்பிட்டுப் பெரியப்பாவுக்கோ சித்தப்பாவுக்கோ உரிய சொல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வடக்கு வழக்கில் பெரியப்பாவின் பிள்ளை தன்னைவிடச் சிறியவனானாலும் அண்ணன்தான். குடும்பக் கிளையின் மூப்பு ஆளின் வயதை வென்றுவிடுகிறது.

எதிர்த்திசையில் போனது ஸ்வீடன். 1967இல் அங்கே அரசு மருத்துவ வாரியத் தலைவராகப் பதவியேற்ற ப்ரூர் ரெக்ஸெட், ஊழியர் அனைவரையும் 'டூ' (நீ) என்றே அழைக்கப்போவதாக அறிவித்தார். அந்த மாற்றம் ஏற்கெனவே பரவிக்கொண்டிருந்தது. அவர் அதன் முகமானார். அதனால் ஸ்வீடன்காரர்கள் மூத்தவர்களை மதிப்பதில்லை என்று நினைத்தால் அது வெறும் தப்பெண்ணம். மரியாதை உருபு இல்லாத மொழியிலும் குரல், சொல்தேர்வு, காத்திருத்தல் எல்லாம் உண்டு.

மரியாதை உருபு இல்லாமல் போவதன் இழப்பு இயந்திர மொழிபெயர்ப்பில்தான் வெளிப்படையாகத் தெரிகிறது. கொரிய வாக்கியத்தை ஆங்கிலம் வழியாகத் தமிழுக்குக் கொண்டுவந்தால், இரண்டு கரைகளிலும் இருக்கும் நான்கு கட்டங்களும் நடுவில் ஒன்றாகிவிடும். பிறகு தமிழில் எந்தக் கட்டம் என்று இயந்திரம் ஊகிக்க வேண்டும். இதைச் சரிசெய்யத் தேவை, பேசுபவர், கேட்பவர் வயதையும் குறித்து வைத்த பேச்சுத் தமிழ்ப் பதிவுகள். எழுத்துத் தமிழை மின்னாக்கம் செய்யப் போகும் பணத்தில் ஒரு பங்கையாவது இதற்கு ஒதுக்கலாம்.