டிவி வாங்கும் முன் அதன் முதுகைப் பாருங்கள்

போன மாதம் ஒரு அப்பாவும் மகனும் 55 இன்ச் டிவி ஒன்றைக் குட்டியானையில் ஏற்றிக்கொண்டு திண்டுக்கல்லில் இருக்கும் என் சர்வீஸ் கடைக்கு வந்தார்கள். வாங்கிப் பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. "அண்ணே, பெட்டியில 120 ஹெர்ட்ஸ்னு போட்டிருக்கு, பிஎஸ் 5 மாட்டினா 60க்கு மேல போகமாட்டேங்குது, போர்டு போயிருச்சா பாருங்க" என்றான் பையன். பிஎஸ் 5 என்பது டிவியில் மாட்டி ஆடும் கேம் பெட்டி. கம்பெனி ஆள் வீட்டுக்கு வந்து, எல்லாம் நார்மல் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாராம். அப்பா ஒன்றும் பேசவில்லை, பில்லை மட்டும் நீட்டினார்.

டிவியைத் திறக்கவே இல்லை. அட்டைப்பெட்டியை எடுத்துவரச் சொன்னேன். பெரிய எழுத்தில் 120, அதற்குக் கீழே எறும்பு சைஸில் எம்இஎம்சி. அவ்வளவுதான் விஷயம். பேனல் 60 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 60 முறைதான் படத்தை மாற்றிக் காட்டும். எம்இஎம்சி என்பது இரண்டு படங்களுக்கு நடுவில் டிவியே கற்பனையாக ஒரு படத்தைச் செய்து செருகி, ஓட்டத்தை வழவழப்பாகக் காட்டும் வேலை. அந்த வேலைக்கு மார்க்கெட்டிங் ஆட்கள் வைத்த எண்தான் 120. கம்பெனி ஆள் எழுதிக் கொடுத்ததில் பொய் இல்லை, வாங்கும்போது விவரமாக யாரும் சொல்லவில்லை, அவ்வளவே.

நான் பிக்சர் ட்யூப் காலத்து ஆள். 2006 தேர்தலுக்குப் பிறகு அரசு வீடு வீடாகக் கொடுத்த 14 இன்ச் கலர் டிவி எத்தனையோ என் மேசைக்கு வந்து போயிருக்கிறது. அப்போதெல்லாம் முதுகைத் திறந்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். இப்போது உள்ளே இருப்பதைவிடப் பெட்டியில் எழுதியிருப்பதுதான் அதிகம். நீங்கள் டிவியின் முகத்தைப் பார்த்து வாங்குகிறீர்கள், நான் முதுகைத் திறந்து பார்ப்பவன். 35,000 முதல் 60,000 ரூபாய்க்குள், வீட்டில் எல்லோரும் பார்க்கவும் வேண்டும், பிள்ளைகள் கேம் ஆடவும் வேண்டும் என்று டிவி தேடுகிறவர்களுக்காக, முதுகுப் பக்கத்திலிருந்து தெரிகிறதைச் சொல்கிறேன்.

முதலில் அந்த 120 சமாச்சாரத்தை முடித்துவிடுவோம், ஏனென்றால் பணம் அதிகம் வீணாவது இங்கேதான். கடைக்காரரிடம் "120 ஹெர்ட்ஸா?" என்று கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்வார். "பேனல் நேட்டிவாக எத்தனை ஹெர்ட்ஸ்?" என்று கேளுங்கள். இன்னொரு வார்த்தையும் உண்டு, டிஎல்ஜி. அது இரண்டிரண்டு வரிகளாகச் சேர்த்து ஓட்டி 60 ஹெர்ட்ஸ் பேனலிலேயே 120ஐ வரவைக்கும் உத்தி. வேகம் கிடைக்கும், ஆனால் மேலிருந்து கீழான துல்லியம் பாதியாகிவிடும். மோசடி என்று சொல்லமாட்டேன், சில பேருக்கு அது போதும். ஆனால் முழு 4கே துல்லியத்தில் 120 கிடைக்கும் என்று நினைத்து அதை வாங்கிவிடக் கூடாது.

அடுத்து எச்டிஎம்ஐ, அதாவது படத்தையும் சத்தத்தையும் டிவிக்குள் கொண்டுவரும் கேபிளை மாட்டும் ஓட்டை. 2.1 என்று எழுதியிருந்தால் போதும் என்று பல பேர் நம்புகிறார்கள். பழைய 2.0 வழியாக நொடிக்கு 18 ஜிகாபிட் போகும், அது 4கே 60க்குச் சரி. 2.1 அதிகபட்சம் 48 வரை தாங்கும், அதனால்தான் 4கே 120 சாத்தியம். சிக்கல் என்னவென்றால், 2.1இல் உள்ள வசதிகள் எல்லாம் கட்டாயமில்லை. கேம் போட்டால் தானாகக் கேம் மோடுக்கு மாறும் ஏஎல்எல்எம் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டும் 2.1 என்று போட்டுக்கொள்ளலாம். எனவே எண்ணை விடுங்கள், டிவியைத் திருப்பச் சொல்லி அந்த ஓட்டையின் பக்கத்தில் என்ன அச்சடித்திருக்கிறது என்று பாருங்கள். "4கே 120" அல்லது "4கே 144" என்று அங்கேயே இருக்கும். இந்த விலையில் நான்கு போர்ட் இருந்தால் பெரும்பாலும் இரண்டில்தான் அது இருக்கும், அந்த இரண்டில் ஒன்றே சவுண்ட்பாருக்கான இஆர்க் போர்ட்டாகவும் இருந்து தொலைக்கும். பிஎஸ் 5, கம்ப்யூட்டர், சவுண்ட்பார் மூன்றும் வைத்திருப்பவர்கள் இதை வீட்டுக்கு வந்த பிறகு கண்டுபிடித்துப் புலம்புவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சரியான போர்ட்டில் மாட்டியும் வரவில்லை என்றால் டிவி செட்டிங்கில் அந்த எச்டிஎம்ஐ "ஸ்டாண்டர்டு" நிலையில் இருக்கும், "என்ஹான்ஸ்டு"க்கு மாற்ற வேண்டும். பிஎஸ் 5 கூட வந்த கேபிளை எங்கோ தொலைத்துவிட்டு செட்டாப் பாக்ஸ் கேபிளைப் போட்டு, படம் வந்து வந்து போகிறது என்று டிவியையே தூக்கி வந்தவரும் உண்டு. பிஎஸ் 5இல் ஸ்கிரீன் அண்ட் வீடியோ பகுதிக்குள் வீடியோ அவுட்புட் இன்பர்மேஷன் என்று ஒன்று இருக்கிறது, உங்கள் டிவி எதை எல்லாம் ஏற்கிறது என்று அதுவே சொல்லிவிடும். மெக்கானிக்கிடம் வரும் முன் அதைப் பார்த்துவிட்டு வாருங்கள், ஆட்டோ காசு மிச்சம்.

இவ்வளவு சொன்ன பிறகு அந்தப் பையனிடம், "நீ என்னப்பா ஆடுற?" என்று கேட்டேன். கால்பந்து, அப்புறம் கதை உள்ள கேம் சில. கதை கேம்கள் பெரும்பாலும் 30 அல்லது 60இல்தான் ஓடும். 120இன் அருமை தெரிவது போட்டிபோட்டுச் சுடுகிற ஆன்லைன் கேமிலும், நல்ல கிராபிக்ஸ் கார்டு உள்ள கம்ப்யூட்டரிலும்தான். அவனுக்கு உண்மையில் இருந்த கோளாறு வேறு. டிவி "விவிட்" மோடில் கிடந்தது, எம்இஎம்சி முழு அளவில். இவன் பட்டனை அழுத்தி, டிவி நடுவில் தன் கற்பனைப் படங்களை எல்லாம் வரைந்து முடித்து, பிறகு காட்டுவதற்குள் நூறு மில்லிநொடிக்கு மேல்கூடப் போய்விடும். 60 ஹெர்ட்ஸில் ஒரு படத்துக்கு ஏறக்குறைய 16.7 மில்லிநொடி என்று கணக்குப் போட்டால் ஆறு படம் பிந்தி ஆடிக்கொண்டிருந்திருக்கிறான். கேம் மோடைப் போட்டுக் கொடுத்தேன். இப்போது வருகிற பல டிவிகளில் கேம் மோடில் இது 20க்குள் வந்துவிடும். இரண்டு நிமிஷம் ஆடிவிட்டு, "அண்ணே, இப்பத்தாண்ணே கையோட வருது" என்றான். அப்பா முதல் முறையாக வாயைத் திறந்து, "அப்ப இத்தன நாள் இவன் தோத்ததுக்கு டிவிதான் காரணமா?" என்று கேட்டார். அதற்கு நான் பதில் சொல்லவில்லை.

படம் பார்ப்பவர்களுக்கும் 120 பேனலால் ஒரு லாபம் இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. சினிமா நொடிக்கு 24 படம். 60ஐ 24ஆல் வகுத்தால் மீதி வரும், அதனால் ஒரு படத்தை இரண்டு முறையும் அடுத்ததை மூன்று முறையும் காட்டி ஒப்பேற்றுகிறது டிவி, கேமரா மெதுவாக நகரும் காட்சிகளில் லேசான தத்தல் தெரியும். 120இல் ஒவ்வொன்றும் சரியாக ஐந்து முறை. கண் பழகியவர்களுக்கு வித்தியாசம் தெரியும், என் வீட்டம்மாவுக்குத் தெரியவில்லை.

இனி வெளிச்சத்துக்கு வருவோம். க்யூஎல்இடி என்ற பெயரைப் பார்த்து ஓஎல்இடியின் தம்பி என்று நினைக்காதீர்கள். ஓஎல்இடியில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும். க்யூஎல்இடி சாதாரண எல்இடி டிவிதான், நிறத்தைத் தூக்கிக் காட்டும் குவாண்டம் டாட் படலம் ஒன்று கூடுதல். பின்னால் விளக்கு எரிந்துதான் ஆக வேண்டும். அந்த விளக்குதான் எங்கள் சோறு. நடுத்தர விலை டிவியின் பேனலுக்குப் பின்னால் நீள நீளமான ஸ்ட்ரிப்களில் எல்இடிகள் வரிசையாக இருக்கும், சீரியல் செட் போலத் தொடராக இணைத்திருப்பார்கள். ஒன்று கருகினால் மொத்தமும் அணைந்துவிடும். சத்தம் வரும், படம் வராது. இருட்டில் டார்ச் லைட்டைத் திரைக்கு ஒட்டினாற்போல் அடித்துப் பாருங்கள், மங்கலாகப் படம் ஓடுவது தெரிந்தால் பேனல் நன்றாக இருக்கிறது, ஸ்ட்ரிப்தான் போயிருக்கிறது என்று அர்த்தம். பேனலே போச்சு, புது டிவி வாங்குங்கள் என்று யாராவது சொன்னால் இந்த டார்ச் சோதனையைச் செய்துவிட்டு முடிவெடுங்கள். சில டிவியில் படம் முழுக்க நீலம் பாரித்திருக்கும், அதுவும் பேனல் கோளாறு இல்லை, எல்இடி மேல் இருக்கும் மஞ்சள் பூச்சு சூட்டில் கெட்டுப்போனதுதான்.

இது சீக்கிரம் வருவதற்கு முக்கியக் காரணம் சூடு. கடையில் இருந்து வந்த நாளில் பேக்லைட் 100இல் இருக்கும், அப்படியே வருஷக்கணக்கில் விட்டுவிடுவோம். போதாததற்கு மரத்தில் அலமாரி செய்து, காற்றுப் புகாமல் டிவியை உள்ளே பதித்து வைப்பது இப்போது ஃபேஷன். 60, 70க்கு இறக்கி வையுங்கள். இரண்டு நாளில் கண் பழகிவிடும்.

வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அதிகமாகக் காட்டும் எச்டிஆர் பற்றி ஒரே வார்த்தை. 300 நிட்ஸ் வெளிச்சம் உள்ள டிவியில் எச்டிஆர் என்று எழுதியிருந்தாலும் அது சிக்னலை வாங்கிக்கொள்ளும், காட்டாது. 600க்கு மேல் போய், உள்ளே லோக்கல் டிம்மிங்கும், அதாவது காட்சிக்கு ஏற்ப பின்விளக்கைப் பகுதி பகுதியாக மங்கவைக்கும் வசதியும், இருந்தால்தான் காசுக்குப் பலன். மினி எல்இடி என்பது அந்த வழிதான், பட்ஜெட்டின் மேல் எல்லையில் கிடைக்கிறது. டால்பி விஷன் என்ற எச்டிஆர் வகை இருக்கிறதா என்று கேமுக்காக அலைய வேண்டாம், பிஎஸ் 5 கேமுக்கு அதைத் தருவதே இல்லை. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் வைத்திருப்பவர்கள் கேட்கலாம்.

கடையில் பார்க்கும்போது ஓடுவது கம்பெனியின் டெமோ வீடியோ. கிளி, பூ, தேன் சொட்டுவது. அதில் எந்த டிவியும் அழகாகத்தான் இருக்கும். ஒரு பென்டிரைவில் மூன்று படம் போட்டுக்கொண்டு போங்கள்: முழுக்கக் கறுப்பு, முழுக்கச் சாம்பல், முழுக்க வெள்ளை. கறுப்பில் ஓரங்களில் வெளிச்சம் கசிகிறதா, சாம்பலில் அழுக்குத் துணியால் துடைத்த மாதிரித் திட்டுத் திட்டாக இருக்கிறதா என்று பாருங்கள். கால்பந்து மைதானத்தில் கேமரா ஓடும்போது அந்தத் திட்டுதான் உங்களை உறுத்தும். பிறகு பக்கவாட்டில் நகர்ந்து நில்லுங்கள். விஏ பேனலில் கறுப்பு நன்றாக இருக்கும், பக்கத்தில் போனால் நிறம் வெளுக்கும். ஐபிஎஸ் பேனல் பக்கத்திலிருந்தும் சரியாகத் தெரியும், ஆனால் இருட்டறையில் கறுப்பு சாம்பலாகத் தெரியும். ஹாலில் மூலைக்கு மூலை உட்கார்ந்து பார்க்கும் குடும்பத்துக்கு ஐபிஎஸ், தனி அறையில் நேராக உட்கார்ந்து ஆடுபவனுக்கு விஏ. ஒரே மாடலில் 43 இன்ச்சுக்கு ஒரு வகை, 55க்கு வேறு வகை என்று வருவதும் உண்டு. அதனால் வாங்கப்போகும் சைஸையே பாருங்கள்.

முக்கியமான ஒன்று, இதை ஷோரூமில் யாருமே சொல்லமாட்டார்கள். உங்கள் வீட்டில் ஓடுவது சாதாரண எஸ்டி கேபிள் இணைப்பு என்றால், 576 வரிப் படத்தை 2160 வரித் திரையில் இழுத்து நிரப்ப வேண்டும். பழைய 24 இன்ச்சில் பளிச்சென்று இருந்த சீரியல் புது 55இல் கழுவிவிட்ட மாதிரித்தான் இருக்கும். "நாப்பதாயிரம் கொடுத்தோம், பழசு மாதிரிகூட இல்லையே" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது நியாயம்தான். டிவியைக் குறை சொல்லாமல் முதலில் எச்டி பாக்ஸுக்கு மாறுங்கள்.

ராம் 2 ஜிபிக்குக் குறையக் கூடாது. மூன்று நான்கு வருஷத்தில் எப்படியும் மெதுவாகிவிடும், அப்போது எச்டிஎம்ஐயில் மாட்டும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக் ஒன்றை வாங்கிச் செருகிக்கொள்ளலாம். அதனால் சாஃப்ட்வேருக்காக அதிகக் காசு கொடுக்காதீர்கள், பேனலுக்குக் கொடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜிஎஸ்டி 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. மிச்சமான காசில் எல்லோரும் 55லிருந்து 65க்குத் தாவுகிறார்கள். ஏழடி தூரத்திலிருந்து பார்க்கிற ஹாலுக்கு 55 தாராளம். சைஸைக் கூட்டாமல் தரத்தைக் கூட்டுங்கள் என்பது என் கட்சி.

வாங்கிய பிறகு கெடுவது எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆயுத பூஜைக்கு மறுநாள் என் போன் ஓயாது. பூஜைக்குத் துடைக்கிறோம் என்று திரையில் நேராகத் தண்ணீரையோ கண்ணாடி துடைக்கும் திரவத்தையோ அடித்துவிடுவார்கள், அது வழிந்து கீழ்ச் சட்டத்துக்குள் இறங்கும். பேனலுக்குச் சிக்னல் கொண்டுபோகும் மெல்லிய பிலிம் பட்டைகள் பெரும்பாலும் அந்தக் கீழ் விளிம்பில்தான் ஒட்டியிருக்கின்றன. ஈரம் பட்டால் திரையில் கோடு கோடாக வரும். தண்ணீர் பட்டதற்கு வாரண்டி கிடையாது, பேனல் மாற்றினால் டிவி விலையில் பாதிக்கு மேல் கேட்பார்கள். காய்ந்த மைக்ரோஃபைபர் துணி போதும், கறை இருந்தால் துணியை லேசாக நனைத்துப் பிழிந்து துடையுங்கள். சந்தனப் பொட்டை ஸ்டாண்டில் வையுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது.

ஐப்பசி இடிக்கு ஸ்டெபிலைசர் காப்பாற்றாது. இடி பல நேரம் கரண்ட் வழியாக வருவதில்லை, கேபிள் ஒயர் வழியாகச் செட்டாப் பாக்ஸுக்குள் புகுந்து எச்டிஎம்ஐ போர்ட்டை எரித்துவிட்டுப் போகிறது. வானம் கறுத்தால் பிளக்கோடு அந்த ஒயரையும் கழற்றிவிடுங்கள். கம்ப்யூட்டரில் கேம் ஆடுபவர்கள் பிளக் பாயிண்டில் எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீசியனை வைத்து ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். கேபினட்டைத் தொட்டால் சுர்ரென்று இருக்கும் வீடுகளில்தான் எச்டிஎம்ஐ போர்ட் அடிக்கடி சாகிறது.

அந்த 55 இன்ச் திரும்ப அதே குட்டியானையில் போனது. செட்டிங் மாற்றியதற்குக் காசு வேண்டாம் என்றேன், அப்பா கேட்கவில்லை, நூறு ரூபாயை மேசையில் வைத்துவிட்டுப் போனார். போகும்போது டிவியைப் படுக்கவைத்து ஏற்றப் பார்த்தான் பையன். ஓடிப்போய் நிமிர்த்தி, இரண்டு பக்கமும் மெத்தை வைத்துக் கட்டிக் கொடுத்தேன்.