47 ஸ்க்ரூவும் எழுதப்படாத ஒரு வரியும்

விமானப் பராமரிப்பில் "எப்படியாவது கையெழுத்துப் போட்டு அனுப்பு" என்று யாரும் நேராகச் சொல்வதில்லை. "இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?" என்றுதான் கேட்பார்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை கேட்பார்கள். மூன்றாவது தடவை நம் வாய் தானாகவே "முடிஞ்சிருச்சு சார், பேப்பர் மட்டும்தான் பாக்கி" என்று சொல்லிவிடும். இந்த "பேப்பர் மட்டும்தான்" என்ற பேச்சு எனக்கு இப்போதெல்லாம் பயத்தைத்தான் தருகிறது.

ஓர் இரவு ஹைட்ராலிக் குழாய் ஒன்றை மாற்றிக்கொண்டிருந்தேன். நட்டைக் கையால் திருகிவிட்டு, அதைச் சரியான அளவுக்கு இறுக்கி, அதாவது டார்க் வைத்து, அளவு வந்ததும் கிளிக் என்று சொல்லும் டார்க் ரென்ச்சை எடுக்கப் போன நேரம், பக்கத்து விமானத்தில் சக்கரம் மாற்ற ஆள் குறைகிறது என்று கூப்பிட்டார்கள், போய்விட்டேன். திரும்பி வர முக்கால் மணி நேரம். குழாய் அதனதன் இடத்தில் ஒழுங்காக உட்கார்ந்திருந்தது, ஒவ்வொரு படிக்கும் கையெழுத்துப் போடும் டாஸ்க் கார்டில் எல்லாக் கட்டமும் காலி, டார்க் வைத்த ஞாபகமும் எனக்குத் தெளிவாக இருந்தது. பொய் சொல்லவில்லை, உண்மையாகவே இருந்தது. அது முந்தின நாள் இன்னொரு விமானத்தில் இதே மாதிரி நட்டுக்கு வைத்த ஞாபகம் என்பது பிறகுதான் உறைத்தது. வரிசையாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே வந்தேன். டார்ச் அடித்துக்கொண்டிருந்த தம்பி, "அண்ணே, இதுல கோடு இல்லையே" என்றான்.

டார்க் வைத்து முடித்ததும் நட்டின் மேல் பெயின்ட் மாதிரி ஒரு ஆரஞ்சுக் கோடு போடுவோம். நட்டு பின்னால் நகர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். அங்கே கோடே இல்லை. ரென்ச்சை வைத்தால் கிளிக் என்ற சத்தம் வருவதற்குள் நட்டு கால் சுற்றுக்கு மேல் நகர்ந்தது.

ஒவ்வொரு படியையும் செய்த கையோடு கையெழுத்திட்டிருந்தால், டார்க்குக்கான கட்டம் மட்டும் காலியாக நின்று என்னைத் தடுத்திருக்கும். மொத்தமாகக் கடைசியில் போடும் பழக்கம் இருந்ததால் எல்லாக் கட்டமும் காலி, அதனால் எந்தக் கட்டமும் எனக்கு எதையும் சொல்லவில்லை.

என் கதையில் ஒரு தம்பி இருந்தான். 1991 செப்டம்பர் 11 அன்று, அமெரிக்காவில் கான்டினென்டல் எக்ஸ்பிரஸ் 2574 விமானத்துக்கு அப்படி ஒருவர் வாய்க்கவில்லை. முந்தின இரவு, வால் பகுதியின் கிடைமட்ட இறக்கையில் பனி படியாமல் காக்கும் ரப்பர் உறையை மாற்றும் வேலை நடந்தது. ஒரு ஷிஃப்டில் வலது பக்கத்தோடு இடது பக்க முன்விளிம்பின் மேல்புறத்திலும் ஸ்க்ரூக்களைக் கழற்றிவிட்டார்கள். அடுத்து வந்த ஷிஃப்ட் வலது பக்கத்தை மட்டும் முடித்து விமானத்தை விட்டது. இடது பக்கம் கழற்றியதைப் பற்றி வேலை அட்டையில் ஒரு வரி இல்லை. 47 ஸ்க்ரூ இல்லாமல் பறந்த விமானம் டெக்ஸாஸில் ஈகிள் லேக் அருகே விழுந்து, அதில் இருந்த 14 பேரும் இறந்தார்கள். கழற்றியவர் சோம்பேறி இல்லை, உதவி செய்ய வந்தவர் என்பதுதான் என்னை இன்னும் உலுக்குகிறது. செய்ததை எழுதாமல் விட்ட உதவி.

1990 ஜூனில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390 விமானத்தின் முன்பக்கக் கண்ணாடி நடுவானில் பிய்த்துக்கொண்டு போனது. மாற்றிய கண்ணாடியில் இருந்த 90 போல்ட்டில் 84, தேவையான விட்டத்தைவிடச் சிறியவை. ஆள் பற்றாத இரவில், பாகப் பட்டியலைப் புரட்டாமல், பழைய போல்ட்டோடு கண்ணால் ஒப்பிட்டு எடுத்தது. பாதி உடல் வெளியே இழுக்கப்பட்ட கேப்டன் பிழைத்தார், யாரும் இறக்கவில்லை.

சரி, நாளைக்கே மாற்றக்கூடியது என்ன? பாதியில் விட்டுப் போகிறீர்கள் என்றால், கடைசியாக எதைச் செய்தீர்கள், எது திறந்து கிடக்கிறது என்று எழுதிவிட்டுப் போங்கள். கூப்பிடுகிறவர் அரை நிமிடம் காத்திருக்கட்டும். திரும்பி வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடங்காமல் மூன்று படி பின்னால் போய்த் தொடங்குங்கள். ஷிஃப்ட் மாற்றத்தை டீ குடிக்கிற இடத்தில் பேசி முடிக்காமல், விமானத்துக்குக் கீழே இருவரும் நின்று, கையால் தொட்டுக் காட்டி ஒப்படையுங்கள். வாய்வழியாகச் சொன்னது பேப்பரில் இல்லையென்றால் ஒப்படைத்ததாகவே கணக்கு வேண்டாம்.

அப்புறம், மேலே உட்கார்ந்து நேரம் பார்க்கிறவர்களுக்கும் ஒன்று. அன்று டார்க் வைத்து, பிரஷர் ஏற்றி மறுபடி கசிவு பார்த்து முடிக்க விமானம் தாமதமாகத்தான் கிளம்பியது. ஷிஃப்ட் இன்சார்ஜ் தாமதத்தின் காரணத்தை உள்ளது உள்ளபடி எழுதி, கீழே தன் பெயரைப் போட்டார். அந்தத் தம்பியைக் கூப்பிட்டு எல்லோர் முன்னாலும் தோளில் தட்டினார். மறுவாரம் இன்னொரு விமானத்தில் அவன் என்னை மறுபடியும் நிறுத்தினான். இந்தத் தடவை கோடு இருந்தது, டார்ச் வெளிச்சத்தில் சரியாகத் தெரியவில்லை. இருந்தாலும் ரென்ச்சை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.