பனி மாதிரிகளுக்கு வைக்கும் பரீட்சை

கிரீன்லாந்தின் பனி முழுதும் உருகிக் கடலில் சேர்ந்தால் உலகக் கடல்மட்டம் 7 மீட்டருக்கு மேல் உயரும். அது எவ்வளவு வேகமாக உருகும்? இதற்குப் பதில் தேடுபவை பனிப்படல மாதிரிகள். பனி எப்படி நகரும், எங்கே உடையும், எவ்வளவு கரையும் என்பதைச் சமன்பாடுகளாக எழுதி மீக்கணினியில் ஓட்டும் பெரிய நிரல்கள் அவை. 2100-இல் கடல் எங்கே நிற்கும் என்று அவை ஓர் எண்ணைத் தருகின்றன. சரிபார்க்க 2100 வரை காத்திருக்க முடியாது. அப்படியானால் எதை வைத்து அந்த எண்ணை நம்புவது?

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் உள்ள ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்தில் உருவான 'லிவ்கிட்' இந்தக் கேள்விக்கென்றே பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதப்பட்ட கருவி. மாதிரி ஓடி முடித்ததும் அதன் வெளியீட்டை எடுத்துப் பல சோதனைகள் செய்து, எது தேறியது, எது தவறியது என்று படங்களோடு ஒரு வலைப்பக்கமாகத் தந்துவிடும். சமன்பாட்டை நிரல் சரியாகத் தீர்க்கிறதா என்று பார்ப்பது ஒரு வேலை. அந்தச் சமன்பாடு நிஜப் பனிக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பது வேறு வேலை. முதலாவதில் தேறாத மாதிரியின் விடை தற்செயலாக நிஜத்தோடு ஒத்துப்போனால் அதைவிட ஆபத்து வேறில்லை.

சமன்பாட்டைச் சோதிக்க பனி ஆய்வாளர்கள் பரவலாகப் பயன்படுத்துவது பீட்டர் ஹால்ஃபார் 1980-களின் தொடக்கத்தில் கண்ட தீர்வு. அதன் அழகுக்காகவே அதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். தட்டையான தரையில் வட்டமாக ஒரு பனிமேடு. மேலே பனி பொழிவதில்லை, எதுவும் உருகுவதும் இல்லை. கல்லில் ஊற்றிய தோசைமாவு போலத் தன் எடையாலேயே மெல்லப் பரவுகிறது. இதைக் காகிதத்திலேயே தீர்த்துவிடலாம். மையத்தின் உயரம் காலத்தின் ஒன்பதாம் மூலத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும். ஆரம் காலத்தின் பதினெட்டாம் மூலத்துக்கு நேர்விகிதத்தில் வளரும். 2-ஐ ஒன்பது முறை பெருக்கினால் 512. ஆக, சமன்பாட்டின் கடிகாரத்தில் காலம் 512 மடங்கானால் உயரம் சரிபாதி, ஆரம் சுமார் 1.41 மடங்கு, பரப்பு இரண்டு மடங்கு. பாதி உயரம், இரட்டைப் பரப்பு: பனியின் கன அளவு இம்மியும் மாறவில்லை! இவ்வளவு மெதுவாகத் தாழ்வதற்குக் காரணம் பனியின் குணம்தான். அதன் மீதான விசை பாதியானால் அது உருமாறும் வேகம் எட்டில் ஒரு பங்காகிவிடும். இதே மேட்டை மாதிரிக்குள் வைத்து ஓட்டினால் இதே எண்கள் கிட்டத்தட்ட வர வேண்டும். வராவிட்டால் கடலையோ காற்றையோ குறை சொல்ல வழியில்லை, பிழை நிரலில்தான்.

நிரலில் யாராவது கை வைத்துக்கொண்டே இருப்பார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் புதிய விடையைப் பழையதோடு கடைசி பிட் வரை, அதாவது கணினி எண்ணின் கடைசி 0 அல்லது 1 வரை, லிவ்கிட் ஒப்பிடும். ஆனால் எல்லா வேறுபாடும் பிழையல்ல. பைத்தானில் 0.1-ஐயும் 0.2-ஐயும் முதலில் கூட்டி, பிறகு 0.3-ஐச் சேர்த்துப் பாருங்கள். 0.6000000000000001 என்று வரும். 0.2-ஐயும் 0.3-ஐயும் முதலில் கூட்டி 0.1-ஐச் சேர்த்தால் 0.6 மட்டும்தான். ஆயிரக்கணக்கான செயலிகள் பங்கிட்டுக் கூட்டும்போது வரிசை மாறினாலே கடைசி இலக்கம் மாறிவிடும். வளிமண்டலத்தையும் கணக்கிடும் மாதிரிகளில் அந்தச் சின்ன வித்தியாசம் சின்னதாகவே இருக்காது. 1961-இல் வானிலை ஆய்வாளர் எட்வர்ட் லோரன்ஸ் 0.506127 என்ற எண்ணுக்குப் பதில் 0.506 என்று கொடுத்தார், கணினி காட்டிய வானிலை கொஞ்ச நேரத்தில் அடியோடு வேறாகிப் போனது. அதனால் காலநிலை மாதிரிகளில் பிட் ஒப்பீடு போதாது. தொடக்க வெப்பநிலையை நூலிழை அளவு மாற்றிப் பல முறை ஓட்டி, பழைய நிரல் தந்த விடைகளின் கூட்டமும் புதிய நிரல் தந்த விடைகளின் கூட்டமும் ஒரே காலநிலையைத்தான் காட்டுகின்றனவா என்று புள்ளியியல் முறையில் பார்க்கிறார்கள்.

இனி நிஜப் பனி. 2002-இல் ஏவப்பட்ட கிரேஸ் இரட்டைச் செயற்கைக்கோள்கள் சுமார் 220 கிலோமீட்டர் இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகப் பறந்தன. கீழே நிறை அதிகமான இடம் வந்தால் முன்னது முதலில் இழுக்கப்படும், இடைவெளி துளி மாறும். அந்தத் துளியிலிருந்து பனியின் எடையைக் கணக்கிட்டார்கள். ஆனால் கிரேஸ் பார்ப்பது சில நூறு கிலோமீட்டர் அகலத்துக்கு மங்கலான படம். மாதிரியோ சில கிலோமீட்டர் கட்டங்களில் துல்லியமாகப் பேசும். எனவே ஒப்பிடும் முன் மாதிரியின் படத்தையும் அதே அளவுக்கு மங்கலாக்க வேண்டும். 2003 முதல் 2009 வரை லேசரால் பனியின் உயரத்தை அளந்த ஐஸ்சாட் செயற்கைக்கோள் விஷயத்தில் நிலைமை நேர்மாறு. ஏறக்குறைய 70 மீட்டர் அகலமுள்ள ஒளிப்பொட்டு எங்கே, எப்போது விழுந்ததோ, அதே இடத்தில் அதே காலத்துக்கு மாதிரி சொல்லும் உயரத்தை எடுத்து வைக்க வேண்டும். நாசாவின் கோடார்ட் மையம் இந்த ஒப்பீட்டுக்கென்றே ஒரு மென்பொருளை உருவாக்கியது. இந்த வேலையைச் சரியாகச் செய்யாத ஒப்பீட்டை நான் ஒப்பீடாகவே எண்ண மாட்டேன்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கிலோமீட்டர் கணக்கில் தடித்த பனிக்கு அடியில் பாறையோடு எவ்வளவு உராய்வு என்பதை நேரில் பார்க்க முடியாது. செயற்கைக்கோள் கண்ட பனியின் வேகத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு அதை மாதிரிக்குள் வைக்கிறார்கள். பிறகு அதே வேகத்தை வைத்தே மாதிரியைச் சோதித்தால், வினாத்தாளை முன்பே கொடுத்துவிட்டு மதிப்பெண் போடுவது போலாகும். கிரீன்லாந்தின் மிக வேகமான பனியாறுகளில் ஒன்றான யாக்கப்ஷாவன், அருகிலுள்ள கடல்நீர் குளிர்ந்ததால், 2016-ஐ ஒட்டி வேகம் குறைந்து முகப்பில் தடிக்கத் தொடங்கியது. அதற்கு முந்தைய வேகத்தை மட்டும் பார்த்துப் பழகிய ஒரு மாதிரிக்குக் குளிர்ந்த கடல்நீரைக் கொடுத்தால், அந்தப் பனியாறு தானாக வேகம் குறைகிறதா? நான் வைக்க விரும்பும் பரீட்சை அது.